தலைமாடு எந்தப் பக்கம்?

1. பெட்டி வைத்த படுக்கை

அந்த வேன் பட்டறைக்குள் நுழைந்த அன்றே எனக்குச் சரியாகப் படவில்லை. பெங்களூரில் ரொட்டி சப்ளை செய்துகொண்டிருந்த பழைய வேன். ஏலத்தில் எடுத்ததாம். ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை டாலர், பெயர் அருளப்பன். இறங்கியதும் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. எங்கள் கூரையை, கதவை, எதிர்க்கடையை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்று போலீஸ்காரன் அப்படிப் பார்ப்பான், இல்லை போலீசுக்குப் பயந்தவன் பார்ப்பான்.

தர்மபுரி தனி மாவட்டமாகி அப்போது கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் பட்டறை சேலம் ரோட்டில் இருந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுவோம். முதலாளி மாணிக்கம் மேஸ்திரி. மர வேலை முழுக்க அவர் கைதான். சீட்டும் குஷனும் என் பொறுப்பு.

"இதுல ஒரு ஆளு கால நீட்டிப் படுக்கறாப்புல படுக்கை போடணுங்க" என்றார் அருளப்பன்.

"யாருக்குங்க?" என்று கேட்டேன்.

"படுக்கறவங்களுக்கு."

இப்படிப் பதில் சொல்கிற ஆளை நான் எப்படி நம்புவது? குஷன்காரன் பாதிச் சந்தேகக்காரனாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நார் மூட்டை வந்தால் அடியில் கை விட்டுப் பார்ப்பேன். இலவம் பஞ்சு வந்தால் பருத்திக் கழிவு கலந்திருக்கிறதா என்று பிய்த்துப் பார்ப்பேன். ஆளையும் அப்படித்தான் பார்ப்பேன்.

அவர் கேட்டவை இவை. படுக்கை வண்டியின் இடது பக்கத்தை ஒட்டி வர வேண்டும். படுக்கிற மட்டத்துக்கு ஒரு சின்ன ஜன்னல், அதற்கு உள்ளே திரை. குஷன் மூன்று துண்டு. நடுத்துண்டைத் தனியாக எடுக்க வேண்டும், அதன் கீழே பலகையில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அடியில் தகரப் பெட்டி, அதை வெளியிலிருந்து இழுத்தெடுக்கிற மாதிரி. மேலே துணி வேண்டாம், ரெக்சின்தான் வேண்டும்.

"வேர்க்குமேங்க. ரெக்சின்ல எவன் படுப்பான்?"

"வேர்த்தா தொடைச்சுக்கலாம். நீங்க போடுங்க."

கடைசியாக ஒன்று சொன்னார். "தலைமாடு பின்பக்கம் இருக்கட்டும். கால் டிரைவர் பக்கமா வரணும்."

மேஸ்திரி கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார். வீட்டைத் தாண்டிக் கால் முன்னால் போகிற படுக்கை எது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

2. ஞாயிற்றுக்கிழமை வேலை

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது மதுவிலக்குக் காலம். மைசூர் ராஜ்ஜியத்துப் பக்கமிருந்து சரக்கு வந்துகொண்டேயிருக்கும். அதற்கு முந்தின வருஷம் ஒரு டாக்ஸிக்காரன் ஸ்டெப்னிக்கு என்று சொல்லி எங்களிடம் பின்சீட்டுக்கு அடியில் தகரப் பெட்டி அடித்துக்கொண்டு போனான். அது சாராய கேனோடு பிடிபட்டது. பெட்டியை யார் செய்தது என்று விசாரித்து, மேஸ்திரியை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் இழுத்தடித்தார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் பட்டறையைப் பூட்டிவிடுவோம் என்று எச்சரித்துத்தான் விட்டார்கள். பட்டறையைப் பூட்டினால் மேஸ்திரிக்கும் பிழைப்பில்லை, எனக்கும் பிழைப்பில்லை.

அதனால் அந்த வேன் நின்ற நாளெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கண் வாசலிலேயே இருந்தது. ஜன்னலுக்குத் திரை எதற்கு? வெளியிலிருந்து எடுக்கிற பெட்டி எதற்கு? போதாததற்கு அருளப்பன் காலையில் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். நான் நாரை அடுக்கினால் ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பார். தையல் போட்டால் நகத்தால் நெருடிப் பார்ப்பார். என் வேலையை என் முதலாளியே அப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பழைய நார் எதுவும் கலக்கலீங்களே?"

"கலக்கற பட்டறைக்குப் போயிருக்க வேண்டியதுதானேங்க."

"இல்லீங்க, ஒரு பிசுறு குத்துனாக்கூட ஆவாது" என்றார். அதையும் நான் நம்பவில்லை. சாராய கேனைப் பிசுறு என்ன செய்யும் என்றுதான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போய்விட்டார். தலைமாட்டுச் சரிவுப்பலகை அன்றைக்குத்தான் அடிக்க வேண்டியிருந்தது. மேஸ்திரி அதைத் தூக்கிக்கொண்டு போய் டிரைவர் பக்கம் வைத்து அடித்தார்.

"பின்பக்கம்தானே கேட்டாரு?" என்றேன்.

"அவன் கேப்பான். பொணம் போறாப்புல ஒரு படுக்கை நம்ம பட்டறையிலிருந்து வெளிய போனா, அப்புறம் எந்த பஸ்காரன் இங்க வண்டிய வுடுவான்? தலை முன்ன, கால் பின்ன. அவ்வளவுதான்."

வண்டியில் பாடை கட்டக் கூடாது என்பது பாடி கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள கணக்கு. லாரி டிரைவரும் அதைப் பார்ப்பார், கிளீனரும் பார்ப்பார். நான் என் நாரை அடுக்கப் போய்விட்டேன்.

3. ட்ரையல்

திங்கட்கிழமை அருளப்பன் வந்து பின்கதவைத் திறந்தார். முகம் அப்படியே கறுத்துப்போனது.

"யாரு மாத்துனது?"

"நாந்தான்" என்றார் மேஸ்திரி. "கால முன்ன வெச்சுப் போறது பொணம்தானுங்க. எங்க பட்டறையில பாடை செய்யறதில்ல."

சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் என்னிடம் திரும்பி, "நீங்கதானே குஷன் போட்டது? ஏறிப் படுங்க. ட்ரையல் போலாம்" என்றார்.

எங்கள் பட்டறை வழக்கம் அது. சீட் போட்டவன் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்து ஒரு நடை போய் வர வேண்டும். குத்தினால் அவனுக்குத்தான் முதலில் குத்த வேண்டும். அதனால் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மேஸ்திரி என் காதருகே வந்தார்.

"எங்க போறான், யாரப் பாக்கறான்னு கவனிச்சுக்க. வந்ததும் நேரா ஸ்டேஷன்ல சொல்லிப்புடுவோம். வண்டிய அவங்களே புடிச்சு வெச்சுக்கட்டும்."

நான் ஏறும்போது மெத்தை தைக்கிற கோணி ஊசியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பின்கதவை வெளியிலிருந்து தாழ் போட்டார்கள். அருளப்பன் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, மேலே இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. நான் சொல்றவரைக்கும் திரும்பக் கூடாது."

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அதில் ரெக்சினுக்கும் பங்கு உண்டு. அவர் சொன்னபடி படுத்தால் எதிரே பிளைவுட் பலகைதான் தெரிந்தது. ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. வண்டி எந்தப் பக்கம் போகிறது, யார் எதிரே வருகிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. ரோடு வழவழப்பாக இருக்கிறவரை நல்லம்பள்ளிப் பக்கம் போகிறோம் என்று கணக்குப் போட்டேன். பிறகு வண்டி திரும்பியது. மண் ரோடு. தூக்கித் தூக்கிப் போட்டது. தொப்பூர் கணவாய்வரை போய்த் திரும்புவதுதான் ட்ரையல், இவர் எங்கே போகிறார்? கூட்டாளிகளிடம் என்னைக் கொண்டுபோய் விடப்போகிறார் என்றே முடிவு செய்துவிட்டேன். பலகையில் இருந்த ஆணித் தலைகளைப் பார்த்துக்கொண்டு ஊசியைப் பிடித்தபடி கிடந்தேன். நிஜமாகவே பயந்தேன். வண்டிக்குள் ஒரு மூட்டை மாதிரி கிடப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வண்டி நின்றது. கதவு திறந்தது. நிலக்கடலைக் காட்டு நடுவில் ஓர் ஓட்டு வீடு. கூட்டாளி யாரும் இல்லை. ஒரு நாய் மட்டும் குரைத்தது.

"வாங்க. படுக்கறவங்களப் பாருங்க" என்றார் அருளப்பன்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஓர் அம்மா இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். அருளப்பனின் மனைவி தெரேசம்மா. கிணற்றுப் படியில் விழுந்து முதுகெலும்பு போனவர். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. வலது இடுப்பில் ஆறாத படுக்கைப் புண். மல்லாந்து கொஞ்ச நேரம், மற்றபடி எப்போதும் இடது பக்கம்தான். அந்தக் கட்டிலுக்கு எதிரே இருந்தது சுவர்.

அந்த அம்மாவால் வெளிக்கு எழுந்துபோக முடியாது. நடுத்துண்டும் ஓட்டையும் தகரப் பெட்டியும் ரெக்சினும் எதற்கென்று எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

"சேலத்துல ஒரு பட்டறையில சொன்னேங்க. புண்ணுக்காரி வண்டி எங்களுக்கு ஆவாதுன்னு வெளிய தள்ளச் சொல்லிட்டாங்க. அதுலேருந்து நான் எவன்கிட்டயும் வாயத் தொறக்கறதில்ல. நீங்க மட்டும் வேற ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த அம்மா என் இடுப்பைப் பார்த்தார். "அது என்னங்க ஊசி? எங்க வூட்டுக்காரர குத்தறதுக்கா?"

நான் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஓட்டைப் பையாக இருந்ததால் அது கீழே விழுந்தது. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அருளப்பன் தலைமாடு மாறின விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏரியூர்ல என் தம்பி வூடுங்க. இந்தச் சுவத்தப் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப்போச்சு. மாட்டு வண்டியில போட்டு மூடி எடுத்துக்கிட்டுப் போறோம்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. நான் ஒத்துக்கல. வழி பூராவும் பாத்துக்கிட்டு வந்தாத்தான் வருவேன்னு சொன்னேன். அதுக்குத்தான் அந்த ஜன்னலு. கால் முன்ன இருந்தாப் பொணம்னு சொன்னாராமே உங்க மேஸ்திரி? பொணம் வெளிய பாக்குமாங்க?"

கால் டிரைவர் பக்கம் இருந்து இடது பக்கம் ஒருக்களித்தால்தான் ஜன்னல் முகத்துக்கு எதிரே வரும். தலைமாடு முன்னால் இருந்து இடது பக்கம் படுத்தால் பிளைவுட்தான் தெரியும். அதைத்தான் நான் வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்காகவே என்னை அப்படிப் படுக்கச் சொல்லியிருக்கிறார்.

4. ஜன்னல் திரை

திரும்பி வந்ததும் மேஸ்திரி, "ஸ்டேஷனுக்குக் கிளம்பலாமா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா கேட்ட கேள்வியையும் அப்படியே சொன்னேன். அவர் ஆணி பிடுங்குகிற கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினார். சரிவுப்பலகை பின்பக்கம் போனது. ஜன்னலையும் கழற்றி அந்தத் தலை மட்டத்துக்கு நகர்த்தினார். நான் வலது இடுப்பு படுகிற இடத்தில் நாரை எடுத்துவிட்டு ரப்பர் ஃபோம் வைத்துத் தைத்தேன். அருளப்பன் பழையபடி ஸ்டூலில் உட்கார்ந்து அதையும் நகத்தால் நெருடிப் பார்த்தார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த வாரம் ஏரியூர் போகிற வழியில் அந்த வேன் பட்டறை வாசலில் நின்றது. ஜன்னல் திரை விலகியது. தெரேசம்மா மேஸ்திரியை, என்னை, லாரிகளை, எதிரே டீ ஆற்றுகிறவரை என்று ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்த்தார். முதல் நாள் அவர் புருஷன் பார்த்த அதே பார்வை. மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"குத்துதுங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் தெரியலீங்க. ஏரியூர் போய்ச் சேந்துட்டுச் சொல்றேன்" என்றார்.

சந்தேகப்படுவதை நான் விடவில்லை, இன்றைக்கும் நார் மூட்டைக்கு அடியில் கை விட்டுத்தான் பார்க்கிறேன். ஆனால் யாராவது வண்டியில் படுக்கை கேட்டு வந்தால், எதற்கு என்று நானாக முடிவு கட்டுவதில்லை. படுக்கப்போவது யார், அவர் எந்தப் பக்கம் ஒருக்களிப்பார் என்று கேட்கிறேன். கேட்டதும் வந்தவர்கள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொள்ளட்டும். பதில் வந்த பிறகுதான் நான் ரெக்சினில் கத்தரி வைப்பேன்.