தையல்காரரின் பதினோராயிரம் அடிகள்

எங்கள் தெருத் தையல்காரர் காலையில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். நூல், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. மூன்று மாதத்தில் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்ற டாக்டரம்மா, நடையை எண்ணும் சிறு கருவியைக் கணுக்காலில் கட்டி அனுப்பினார்.

மறுமாதம் மருத்துவமனையில் பார்த்தபோது கருவி நாளுக்குப் பதினோராயிரம் அடி காட்டியது. சர்க்கரை மட்டும் அசையவில்லை.

“எங்கண்ணே இவ்வளவு நடந்தீங்க?” என்று நர்ஸ் கேட்டார்.

“கடையிலதாம்மா. மெஷினை மிதிச்சேன்.”

“உட்கார்ந்த இடத்துலயே ஊரைச் சுத்திட்டீங்களா! அப்போ ஊசிக்குத் தயாராகுங்க.”

“ஐயோ, நான் துணியைத்தாம்மா குத்துவேன்.”

அன்று மாலையே அவர் நூல் அலமாரியை வாசலுக்கும் இஸ்திரி மேசையைக் கடையின் மறுகோடிக்கும் தள்ளினார். ஒரு சட்டைக்குப் பத்துத் தடவை எழுந்தார். சாப்பிட்டதும் தெருமுனைவரை நடந்தார். மெஷின் மிதிப்பதையும் நடையாக எண்ணாதிருக்க, கருவி கணுக்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. “எழுந்து தண்ணிகூடக் குடிக்காத மனுஷன்!” என்று அவர் மனைவி வாயைப் பிளந்தார்.

மூன்றாம் மாதம் கருவி ஐயாயிரம்தான் காட்டியது.

“பாதிக்குப் பாதி குறைஞ்சுபோச்சேம்மா,” என்று தையல்காரர் தலைகுனிந்தார்.

“சர்க்கரையும்தாண்ணே குறைஞ்சிருக்கு. ஊசி உங்க மெஷினோட இருக்கட்டும், கிளம்புங்க,” என்றார் நர்ஸ்.