அவர் அனுப்பிய ஆள்

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில்தான் எங்கள் மனநல ஆலோசனை அறை. வாரத்தில் இரண்டு நாள் ஆலோசகர் மேடம் மதுரையிலிருந்து ரயிலில் வருவார். பேச்சு வராத பிள்ளைகளும் நினைவு தப்பும் பெரியவர்களும் ஒரே பெஞ்சில் காத்திருப்பார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பது என் வேலை. பள்ளியில் படித்தது பத்தாவது வரைக்கும். மற்றதெல்லாம் அந்த பெஞ்சில் கேட்டது.

ஒரு நாள் பக்கத்துச் சிலமலையிலிருந்து ஒரு பெரியவர் வயதான ஒரு அம்மாவைக் கூட்டிவந்தார். "என் வீட்டுக்காரி" என்று எழுதச் சொன்னார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஆத்தா, இந்த ஆளு எங்க வீட்டுக்காரரு இல்ல. அவரு சட்டையப் போட்டுக்கிட்டுத் திரியிறான். மாத்திரைன்னு என்னத்தையோ குடுக்குறான். நான் முழுங்குவனா? நாக்குக்கு அடியில வச்சிருந்து துப்பிருவேன்."

நெருப்பில்லாமல் புகையுமா? நான் அவரிடம் ஆதார் அட்டை கேட்டேன். படம் ஒத்துப்போனது மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது. ஆதார் படத்தில் யார்தான் தன்னைப்போல இருக்கிறார்கள்?

"நீயும் நம்பலையா தாயி?" என்றார் அவர். "டாக்டர் குடுத்த மாத்திரை உள்ள போயி ஒம்பது நாளாச்சு. நான் வச்சா சோறுந் தொடமாட்டேங்குறா. இப்பிடியே போனா ஆள் தாங்காது."

மேடம் அந்த அம்மாவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். வெளியே வந்து, "சில வியாதியில் இப்படி வரும். முகம் தெரியும், நம்ம ஆள் என்கிற உணர்வு மட்டும் வராது" என்றார். தலையாட்டினேன். ஆனாலும் என் கண் அவர் சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டையை விட்டு நகரவில்லை.

அவர் டீ வாங்கக் கீழே போனார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் மடியிலிருந்த செல்போன் அடித்தது. எடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏங்க, எங்க இருக்கீக? அந்தக் களவாணிப்பய என்னய இங்க கூட்டியாந்து உக்கார வச்சிருக்கான். வெரசா வாங்க."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். டீக்கடை வாசலில் அதே மனிதர், காதில் போனோடு. "டீக்குச் சீனி போடச் சொல்லவா?" என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். முகம் எதிரில் இல்லாமல் குரல் மட்டும் வந்தால், இந்த அம்மாவுக்குக் காது பொய் சொல்லவில்லை. மேடத்திடம் ஓடிச் சொன்னேன். அவர் யோசித்து, "நான்தான் உன் புருஷன்னு வாதாட வேண்டாம். மாத்திரையைச் சாப்பிடச் சொல்லி அவரைப் போன்லயே பேசச் சொல்லுங்க" என்று என்னைக் கீழே அனுப்பினார்.

கேட்டுக்கொண்ட அந்த மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மறுபடி கூப்பிட்டார். "அந்த ஆளு நான் அனுப்புன ஆளுதான். அவன் குடுக்குறத முழுங்கு."

அவர் டீயோடு படியேறி வந்தபோது அந்த அம்மா மேலும் கீழும் பார்த்தார். "அவரு சொன்னாரு. குடு."

விழுங்கினார். சந்தேகம் போகாத நான் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். அடியில் ஒன்றும் இல்லை.

டீயைக் குடித்துக்கொண்டே அந்த அம்மா அவரிடம் கேட்டார்: "ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு."

"அவள ஒத்தையில விட்டுட்டா இங்க வந்து கெடக்க? சோலி முடிஞ்சதும் வீட்டுக்குப் போ."

"போறேன்" என்றவர், குனிந்து அந்த அம்மாவின் செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தார்.