இங்கே சுடக் கூடாது

ஊசுட்டேரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்த புதிதில், அங்கே வைப்பதற்கு ஒரு தமிழ்ப் பலகை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அப்போது புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவள் என்பதால், தமிழில் எது எழுத வேண்டுமென்றாலும் அந்தக் காகிதம் என் மேசைக்கு வந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஆங்கிலக் குறிப்பு அரைப் பக்கம் இருந்தது. சாரம் இதுதான்: சரணாலயத்துக்குள் யாரும் துப்பாக்கியோடு நுழையக் கூடாது. சுடக்கூட வேண்டாம், தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாலே குற்றம். லைசென்ஸ் இருந்தாலும், வனத்துறையின் தலைமை அதிகாரி எழுத்தில் அனுமதி தந்தால்தான் உண்டு. மீறினால் பறிமுதல்.

அரசாங்கத் தமிழ் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘துப்பாக்கிப் பிரயோகம் முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது’ என்று எழுதினால் கொக்குக்கும் புரியாது, மனிதருக்கும் புரியாது. துப்பாக்கி கொண்டு வருகிறவர் சுடத்தானே கொண்டு வருவார், எதற்கு வளவளவென்று? நறுக்கென்று எழுதினேன்:

‘இங்கே சுடக் கூடாது. மீறினால் கருவிகள் பறிமுதல் செய்யப்படும்.’

எங்கள் அலுவலக அதிகாரி படித்துவிட்டு, “சூப்பர்ம்மா, நச்சுன்னு இருக்கு” என்றார். அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

பலகை நட்ட பிறகு வந்த முதல் ஞாயிறு காலை, லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் தனியாகக் கிளம்பினேன். வீட்டில் பறவை பார்க்கப் போவதாகச் சொன்னேன். உண்மையில் பலகையைப் பார்க்கத்தான். அதோடு, ஏரிக்கரைச் சாலையோரம் ஓர் அக்கா மசால்வடை சுடுவார். மூன்று கல், விறகு, ஒரு எண்ணெய்ச் சட்டி, தலைக்கு மேல் ஒரு புளியமரம், அவ்வளவுதான் கடை. அந்த வடைக்காக ஸ்கூட்டர் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும்.

பலகை அந்தப் புளியமரத்தடியில் ஜம்மென்று நின்றது. பச்சையில் வெள்ளை எழுத்து, ஒற்றுப்பிழை இல்லை. ஆனால் கீழே கடையைக் காணோம். கரி படிந்த மூன்று கல் மட்டும் கிடந்தது.

பக்கத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் நின்றிருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். நேரில் கூப்பிடும்போது முசே. தோளில் நீளமான தோல்பை. அதற்குள் அவருடைய ரெட்டைக்குழல் துப்பாக்கி.

“பாத்தியாம்மா, வடை போச்சு! சுடக் கூடாதுன்னு போர்டு வச்சிட்டாங்க. அந்தம்மா பயந்துபோயி சட்டிய எடுத்துக்கினு ஊட்டுக்குப் போயிடுச்சு.”

நான் அவருடைய தோல்பையைக் காட்டினேன். “முசே, உங்க தோள்ல இருக்கறது?”

“இதுவா? இது சும்மா. தோட்டா வாங்கியே வருஷக்கணக்காச்சு. நான் எங்க சுடறேன்? கொண்டு வரேன், கொண்டு போறேன். போர்டு எனக்கில்ல.”

துப்பாக்கி வைத்திருந்தவர் பலகை தனக்கில்லை என்கிறார். கரண்டி வைத்திருந்தவர் தனக்குத்தான் என்று ஓடிவிட்டார். இதற்குப் பெயர் நச்சாம்.

“கொண்டு வரதே தப்பு முசே. லைசென்ஸ் இருந்தாலும் தப்புதான். பறிமுதல் பண்ணிடுவாங்க.”

“மோன் தியூ!” என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாத்து திருடியவர் போல இரண்டு பக்கமும் பார்த்தபடி சைக்கிளில் ஏறினார்.

அக்காவின் வீடு சாலைக்கு அந்தப் பக்கம்தான். வாசலில் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தார்.

“அடுப்புக்கு நேரா நட்டுட்டுப் போயிட்டாங்க. சட்டி, கரண்டி எல்லாம் புடுங்கிக்குவாங்களாம். இந்த ஊட்ல நாலு வயித்துக்கு அந்தச் சட்டிதான் சோறு போடுது. அதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்?”

“அக்கா, அது வடை சுடறது இல்லக்கா. துப்பாக்கியால சுடறது.”

“துப்பாக்கின்னு அதுல எங்க இருக்கு?”

எங்குமே இல்லை. நான் எழுதவில்லை.

“எழுதுனவங்க ஊட்ல வடையே சுட மாட்டாங்களா?” என்றார். கண் கலங்கியிருந்தது. நான்தான் எழுதினேன் என்பது தொண்டை வரை வந்தது. கோழைத்தனமாக விழுங்கிவிட்டேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

திங்கட்கிழமை அதிகாரியிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு வரைபடத்தை விரித்துப் பார்த்தார். புளியமரம் சரணாலய எல்லைக்கு வெளியே, சாலையில் இருந்தது. வடைக்கு எந்தத் தடையும் இல்லை. “இந்தத் தடவ கொஞ்சம் நீளமாவே எழுதும்மா” என்றார். பெயின்டர் பழைய எழுத்தை அழித்தார். நானே கூட நின்று, மேலே ஒரு துப்பாக்கிப் படம் போட்டு, அதன் குறுக்கே சிவப்புக் கோடும் போட வைத்தேன். பெயின்டர் போட்ட துப்பாக்கி கொஞ்சம் கரண்டி மாதிரி வந்துவிட்டது. இரண்டு முறை திருத்தச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு தூரத்திலேயே எண்ணெய் வாசனை வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. முசே ஓரமாக ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வடைக்காகக் காத்திருந்தார். தோளில் பை இல்லை. ஆனாலும் இல்லாத பையின் வாரை அடிக்கடி மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அக்கா கரண்டியால் பலகையைக் காட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார். “துப்பாக்கியுடன் உள்ளே வரக் கூடாது. லைசென்ஸ் இருந்தாலும் கூடாது. பாருங்க, எவ்ளோ தெளிவா இருக்கு! இத எழுதுனவங்க மகராசியா இருக்கணும். மொதல்ல எழுதுன ஆளுதான் எங்கைல மாட்டணும்.”

“ரெண்டும் நான்தான்க்கா.”

கரண்டி நின்றது. முசே வேறு பக்கம் திரும்பி ஏரியைப் பார்த்தார். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுப்பை ஒரு முறை பார்த்தார். பிறகு சட்டியிலிருந்து எடுத்த சூடான வடைகளை முசேயின் தட்டில் போட்டுவிட்டு, ஓரத்தில் ஆறிக் கிடந்த ஒரு வடையை எடுத்து என் கையில் வைத்தார்.

“மகராசிக்குத்தான் சூடா குடுக்கணும். அந்த இன்னொரு ஆளு இத தின்னட்டும்.”

இரண்டு பேருக்கும் சேர்த்து அதை நான்தான் தின்றேன். சில்லென்றிருந்தது. இன்னொன்று கேட்டேன்.