எட்டாம் நம்பர் ஷூ

வலது காலுக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். இடது காலுக்கு ஒரு பேசின் நிறைய வேண்டும். காலை ஆறு மணிக்கு இளையபெருமாள் கொல்லையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த நீல பேசினுக்குள் இடது காலை இறக்கி, சோப்பைக் குழைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார். தோல் மடிப்புகளுக்குள் விரலை விட்டு, ஒவ்வொரு மடிப்பாக, அவசரமே இல்லாமல். பிறகு பழைய வேட்டிக் கிழிசலால் விரலிடுக்கில் ஈரம் போக ஒற்றியெடுப்பார். ஈரம் நின்றால் புண்ணாகும். புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டி மூன்று நாள் குளிர்காய்ச்சல் அடிக்கும். இதைச் சொல்லிக்கொடுத்த நர்ஸம்மாவே இப்போது புதிதாக வரும் யானைக்கால் நோயாளிகளை, "அவரு வீட்டுல போய் பாத்துக் கத்துக்கங்க" என்று அனுப்பிவைக்கிறார்.

அந்தக் காலுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'பெரியவர்'. "பெரியவருக்கு இன்னிக்குக் கோவம் சார், கொதிக்கிறாரு" என்பார். காய்ச்சல் இல்லாத நாளில், "பெரியவரு சமாதானமா இருக்காரு, வயலுக்குப் போலாம்." டாக்டர் வயலுக்கே போகக் கூடாது என்று சொல்லி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இளையபெருமாள் என்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. ஊரையும் பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இத்தனை ஒளிவுமறைவு என்பது போகப்போகத் தெரியும். நான் அடுத்த வீட்டுக்காரன். ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். விபத்து, கும்பாபிஷேகம், கொள்முதல் நிலையத்தில் நனைந்த நெல் இவற்றைத் தவிர வேறெதையும் எழுதியறியாதவன்.

கோயில் நிலம் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குச் செய்கிறார். அவருடைய அப்பா அதே நிலத்தில் இன்னொருவருக்குக் கூலிக்கு இறங்கியவர். விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி மூட்டம் போடுவதில் இளையபெருமாளை மிஞ்ச ஆளில்லை. சாக்குக்குள் கையை விட்டு, கண்ணை மூடி, சூடு பார்ப்பார். "இன்னும் ஒரு ராத்திரி தூங்கட்டும்" என்றால் ஒரு ராத்திரிதான். ஊரில் படித்த பையன்கள்கூட மூட்டம் பிரிக்கும் முன் அவரைக் கூப்பிட்டுக் கைவைக்கச் சொல்கிறார்கள்.

தோரணைக்கும் குறைச்சல் இல்லை. வெளியே போனால் வெள்ளை வேட்டி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ப் பந்தியின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கடைசி ஆளாகத்தான் எழுந்திருப்பார். எந்த போட்டோவிலும் அவருக்கு முன்னால் ஒரு நாற்காலியோ குழந்தையோ இருக்கும். மகனோடு வீடியோவில் பேசும்போது போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைப்பார். முகமும் சட்டைக் காலரும் மட்டும் தெரியும். மகன் தமிழ்மாறன் ஆறு வருஷத்துக்கு முன் கப்பல் வேலைக்குப் போனபோது இந்த இடது கால் சாயங்காலம் வீங்கிக் காலையில் வடிகிறதாக இருந்தது. நடுவில் இரண்டு தடவை வந்திருக்கிறான். அப்போதெல்லாம் வேட்டி மறைத்துக்கொண்டது. கடைசியாக வந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. பெரியவர் பெரியவர் ஆனது அதற்கப்புறம்தான்.

தமிழ்மாறன் தஞ்சாவூரில் கேட்டரிங் படித்தவன். உல்லாசக் கப்பலில் பரிமாறும் வேலை. அந்தக் கப்பலில் எல்லோரும் சாப்பிடும் பெரிய கூடம் தவிர, தனியாக டேபிள் பதிவுசெய்து போகும் உயர்ந்த ரெஸ்டாரண்ட் ஒன்று உண்டு. போன வருஷம் அவனை அங்கே போட்டார்கள். இந்த ஜூனில் கப்பல் சென்னைக்கு வருகிறது, வேலை செய்பவர்கள் அப்பா அம்மாவை நாலு நாள் அழைத்துப் போகலாம் என்று கம்பெனி சொல்ல, அவன் பெயரைக் கொடுத்துவிட்டான். அதோடு விடாமல் முதல் நாள் டின்னருக்கு அந்த ரெஸ்டாரண்டிலேயே ஒரு டேபிளையும் பிடித்துவிட்டான். "என் டேபிளுப்பா. நானேதான் பரிமாறுவேன். நீ சும்மா உக்காந்து சாப்பிடணும், அவ்ளோதான்" என்று போனில் அவன் கத்தியது என் வீட்டு வரை கேட்டது.

இளையபெருமாள் அன்றைக்கு டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். இருபது வருஷப் பழக்கத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் வாட்ஸப்பில் ஒரு தாள் வந்தது, அந்த டின்னருக்கு என்ன உடுத்த வேண்டும் என்று. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தார். பெண்களுக்குச் சேலை தாராளமாகச் சரி. ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, முழுக்கால் பேண்ட். நான் அதுவரை உற்சாகமாகத்தான் வாசித்தேன். அடுத்த வரியில், மூடிய ஷூ. செருப்போ சாண்டலோ அணிந்தவர்களுக்கு அனுமதி இல்லை.

"ஷூன்னா எப்படி சார்? நாடா கட்டுறதா?"

"எதுவானாலும் சரி, பாதம் முழுக்க மூடியிருக்கணும்."

தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குள் தமிழ்மாறனிடமிருந்து போன். ஷூ சைஸ் என்ன, நான் இங்கேயே வாங்கிவைக்கிறேன் என்றான். இளையபெருமாள் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எட்டுப்பா. எட்டாம் நம்பரு."

முதலில் பேண்ட். பாபநாசம் டெய்லர் செல்லதுரை அளவெடுத்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். "ஒரு பக்கம் மட்டும் அகலம் வச்சா அசிங்கமா போயிடும்ணே. ரெண்டையும் ஒரே அகலமா வச்சிடுறேன், ஸ்டைலுன்னு நெனச்சுக்குவாங்க." வந்த பேண்ட்டைப் போட்டு நின்றபோது அவர் மனைவி தங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க கல்யாணத்தப்போ பயலுவ இப்படித்தான் அகலப் பேண்ட்டப் போட்டுத் தெருவைக் கூட்டிக்கிட்டுத் திரிஞ்சானுவ." அவரும் சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

மகன் வாங்கும் எட்டாம் நம்பர் இடது காலுக்கு ஆகாதே, வேறு ஷூ தேடிக் கும்பகோணம் போனோம். ஷேக் பரீத் கடையில் பன்னிரண்டாம் நம்பர்தான் பெரியது. பரீத் பாய் தானே தரையில் உட்கார்ந்து, "காலைக் குடுங்கண்ணே" என்று கையை நீட்டினார். இளையபெருமாள் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் பாய். நீங்க தொட வேணாம்."

"நாப்பது வருசமா காலைப் பாத்துத்தாண்ணே நான் சோறு திங்கிறேன். குடுங்க."

பாய் அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நாடாவை முழுக்க உருவிவிட்டு, முயற்சி செய்தார். விரல்களே உள்ளே போகவில்லை. பாய் உருவிய நாடாவைத் திரும்ப ஷூவில் கோத்தார். கடைசியில், "கித்தான் துணியில தச்சு வாங்கித் தரேன். ஆனா அது ஷூவா இருக்காதுண்ணே. கட்டுப் போட்ட மாதிரிதான் இருக்கும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் யோசனைகளாகக் கொட்டினேன். நமக்கென்ன, வாய்தானே. உண்மையாகவே கட்டுப் போட்டுக்கொண்டு கீழே விழுந்துவிட்டதாகச் சொன்னால் என்ன? "அடின்னா எம்புள்ள அவுத்துப் பாப்பான் சார்." கால் சரியில்லை, செருப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கப்பல்காரர்களைக் கேட்டால் விடமாட்டார்களா? "விடுவாங்க. ஆனா கேக்கப்போறது யாரு? அவன்தானே கேக்கணும்." சாப்பாடே வேண்டாம், துறைமுக வாசலில் நின்று பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால்? "நின்னா கால் தெரியுமே சார். இப்ப வேட்டிக்குள்ள அடங்குறதா இது?"

அப்புறம் அவரே சொன்னார். நாலு வருஷத்துக்கு முன் தங்கம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று தெரிந்ததும் தமிழ்மாறன் பாதி ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி ஓடிவந்துவிட்டான். திரும்ப ஏற்றிக்கொள்ளப் பத்து மாதம் ஆயிற்று. அந்தப் பத்து மாதமும் கொல்லையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதைப் பாத்தான்னா அன்னிக்கே எறங்கிடுவான். எறங்கி வந்து என்னா செய்யப்போறான்? இது வடியிற வீக்கமா? பெரிய டாக்டரே கையை விரிச்சாச்சு." இரண்டு நிறுத்தம் தாண்டி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "வெக்கமாவும் இருக்கு சார். மத்தவங்ககிட்ட இல்ல. அவன்கிட்ட." தமிழ்மாறனிடம் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் அங்கேயே சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே மகனுக்குப் போன் செய்து ஒரு பொய்யைச் சொன்னார். "ஆத்துல தண்ணி வந்துடுச்சுப்பா. நாத்து விடணும். இப்ப நவுர முடியாது." எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு காரணம் கிடையாது. தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னால் மாப்பிள்ளைகூடக் கல்யாணத்தைத் தள்ளிவைப்பான். பிள்ளை கப்பல்காரன், அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று இவர் நினைத்தார். ஆனால் டெல்டாக்காரனை எந்தக் கடலில் கொண்டுபோய்ப் போட்டாலும் காலையில் எழுந்ததும் போனில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்காமல் பல் விளக்க மாட்டான். அந்த ஜூனில் அணையில் தண்ணீர் இல்லாமல் திறப்பு தள்ளிப்போயிருந்தது. இவருடைய நிலத்துக்குப் போர்வெல்லும் கிடையாது. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது.

தமிழ்மாறன் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் போன் செய்தான்.

"சார், அணை தொறக்கவே இல்லியே சார். அப்பா ஏன் பொய் சொல்றாரு?"

நான் மழுப்பினேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

"எனக்குத் தெரியும் சார். நான் எச்சித்தட்டு எடுக்குறதை நேர்ல பாக்க அவருக்குக் கேவலமா இருக்கு. ஊர்ல என்னை மேனேஜருன்னு சொல்லி வச்சிருக்காரா? உங்க தாத்தாவைத்தான் அடுத்தவன் எச்சியெடுக்க வச்சாங்க, நீயும் அதுக்கா படிச்சேன்னு முன்னாடி ஒருதடவை சொன்னாரு. அப்பவே புரிஞ்சிருக்கணும்."

சத்தியம் செய்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தியத்தைக் குப்பையில் போட்டிருக்க வேண்டும் என்று இன்றுவரை என் மேல் எனக்கு ஆத்திரம்.

நேரே போய் இளையபெருமாளிடம் சொன்னேன். கொஞ்சம் கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். "உங்க பிள்ளை நீங்க அவனைக் கேவலமா நினைக்கிறீங்கன்னு நெனைக்கிறான். ஒரு காலைக் காட்ட வெக்கப்பட்டுக்கிட்டு இதைச் சுமக்கப்போறீங்களா?"

தங்கம்மாள் அழ ஆரம்பித்தார். "நீங்க வரலன்னா நானும் போவல. போனா அவன் மூஞ்சியப் பாத்து நான் ஒளறிடுவேன்."

இளையபெருமாள் காலுக்குப் போடும் களிம்பின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். மூடிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார். "அப்படியே நெனைச்சுக்கட்டும் சார்" என்றார். "கோவத்துல இருந்தா வேலையில இருப்பான்."

கப்பல் சென்னைக்கு வந்த அன்று மாலை ஐந்து மணிக்கு என் போனில் தமிழ்மாறன் கூப்பிட்டான். அப்பாவின் போனுக்கு அடித்தால் எடுப்பாரோ மாட்டாரோ என்ற பயம் போலிருக்கிறது. டின்னருக்கு இன்னும் ஆட்கள் வரவில்லை, வீட்டில் கொடுங்கள் சார் என்றான். காலையிலேயே அம்மாவிடம், வராவிட்டால் போகிறது, டின்னருக்கு எடுத்த உடுப்பையாவது போட்டுக்கொண்டு உட்காருங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறான். நான் போனபோது தங்கம்மாள் அரக்குப் பட்டுச்சேலையில், இளையபெருமாள் வெள்ளைச் சட்டையிலும் செல்லதுரை தைத்த பேண்ட்டிலும், சாப்பாட்டு நேரமே இல்லாத நேரத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் வெள்ளைத் துணி விரித்த ஒரு டேபிள். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்து கிரேன்கள். ஆளில்லாத இரண்டு நாற்காலி. கறுப்புக் கோட்டுப் போட்ட தமிழ்மாறன் அவற்றில் ஒன்றைப் பின்னால் இழுத்துக் காட்டினான். "இதும்மா உனக்கு. இது அப்பாவுக்கு. வேற யாருக்கும் குடுக்கல." அப்புறம் போனை முகத்துக்குக் கொண்டுவந்தான். கோபத்தில் இருப்பான் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி இல்லை.

"அப்பா, உனக்குப் பிடிக்கலன்னா நான் ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு நில்லுப்பா. உன்னைப் பேண்ட்டுல ஒருதடவை முழுசாப் பாத்துக்கிறேன். சார், போனைக் கொஞ்சம் கீழ எறக்கிக் காட்டுங்க."

இளையபெருமாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தங்கம்மாள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், காட்டிவிடு என்பதாகத்தான் எனக்குப் பட்டது. நானும் காட்டத்தான் நினைத்தேன். போன் மெல்லச் சட்டைப் பையைத் தாண்டியது. பெல்ட்டைத் தாண்டியது. அவர் வேகமாக ஓரடி முன்னால் வந்து என் கையிலிருந்த போனைத் தன் உள்ளங்கையால் மூடினார். "அப்பா, இருட்டா இருக்குப்பா. அப்பா?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.