சிவப்பு அட்டை

தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, கோப்பையை எங்கோ வைத்து மறந்து, அதைத் தேடி எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தாள் ஷெரிஹான். போட்டி நாட்களில் எகிப்தின் தஹாப் கடற்கரையெங்கும் அவளுடைய ஆறிப்போன கோப்பைகள் கிடக்கும்.

"என் டீயை எவன் எடுத்தான்? ஹாஸிம்! கயித்துல எடை கட்டியாச்சா? இல்லேன்னா இப்பவே சொல்லிடு, நான் கெய்ரோவுக்கு பஸ் ஏறிடறேன்."

ஹாஸிம் எடையின் முடிச்சை இறுக்கினான். ஆழத்திலிருந்து வருபவர்களைப் பாதியில் எதிர்கொண்டு, கூடவே ஏறிவரும் காவலன் அவன். அந்தக் கெய்ரோ பஸ்ஸை ஆண்டு முழுவதும் கேட்டுப் பழகியவன்.

மூச்சடக்கி மூழ்கும் இந்தப் போட்டியை நடத்துவதும் அவள்தான், அதில் மூழ்குவதும் அவள்தான். படகுக்காரர் அபூ ஸுவைலிமுக்கு இது பிடிக்காது.

"கல்யாணத்தையும் நடத்திக்கிட்டு, மணப்பொண்ணாவும் உக்காருவியா புள்ள?"

"வேற யாரு செய்வா, நீங்களா? கயிறு கொண்டாங்கன்னா ஆட்டைக் கொண்டு வர்ற ஆளு!"

உண்மைதான். ஆடு இன்னும் படகில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

இம்முறை அறுபது மீட்டர் தொட்டு ஒழுங்காக மேலே வந்தால் நாட்டு அணியில் இடம். பல ஆண்டுகளாக நழுவிக்கொண்டே இருக்கும் இடம். அதனால் தோழர்கள் கூடிப் பேசி அவளுடைய கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"இன்னிக்கு நீ மூழ்கினாப் போதும். மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றான் ஹாஸிம்.

"நீங்க பாத்துக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்று முணுமுணுத்தபடி நீரில் மல்லாந்தாள். மெல்ல முகம் இளகியது. கரையில் யாரும் கண்டிராத முகம். கடைசி மூச்சை இழுத்து, புரண்டு, நீலத்துக்குள் இறங்கினாள்.

அறுபது மீட்டரில் கயிற்று முனைத் தட்டிலிருந்த அடையாளச் சீட்டைப் பறித்துக்கொண்டு மேலே வந்தபோது கண்கள் தெளிவாக இருந்தன. இனி முகமூடியைக் கழற்றி, கையால் சைகை காட்டி, "நலம்" என்று சொல்ல வேண்டும். அதற்குச் சில விநாடிகளே உண்டு; தவறினால் மூழ்கியது செல்லாது, சிவப்பு அட்டைதான். முகமூடியைக் கழற்றினாள். பார்வை மிதவை மேடைமேல் விழுந்தது. ஆக்சிஜன் உருளை இருக்க வேண்டிய இடம் காலி.

"உருளை எங்கடா? அடுத்த ஆளு மயங்கி வந்தா எதைக் குடுப்ப, ஆட்டுப் பாலையா?"

"சைகை! ஷெரிஹான், சைகை காட்டு!" எல்லோரும் அலறினார்கள்.

"கத்தாதீங்க! கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!"

நடுவர் சிவப்பு அட்டையை உயர்த்தினார். அவளே தேடிப்பிடித்து அழைத்துவந்த நடுவர்.

வெயிலில் காயக்கூடாதென்று உருளையைப் படகு நிழலுக்கு மாற்றியிருந்தார் அபூ ஸுவைலிம். இப்போது அதைத் தூக்கிவந்து மேடையில் வைத்தார். ஹாஸிம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். நாட்டு அணியில் அதே இடத்துக்குப் போட்டியிடும் அலெக்சாந்திரியாப் பெண் இன்ஜி, அடுத்து மூழ்கத் தன் முறைக்காகக் கயிற்றைப் பிடித்தபடி மிதந்தாள்.

ஷெரிஹான் மூக்கை உறிஞ்சினாள். மூழ்குபவரைக் கயிற்றோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரைத் தன் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து இன்ஜியின் மணிக்கட்டில் மாட்டினாள். இறுக்கமாக இருக்கிறதா என்று வெடுக்கென இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.