மின்னி மறைந்த கறுப்புத் திரை

மார்ச் 3: 41,212
மார்ச் 4: 41,251
மார்ச் 5: 41,251
மார்ச் 6: 41,330

கண் மருத்துவமனையின் ஆவண அறை எழுத்தர் தன் நோட்டில் எழுதிவைத்த கணக்கு இது. காப்பு டிஸ்கில் இருந்த நோயாளிக் கோப்புகளின் எண்ணிக்கை. பதினோரு வருடமாக மாலை ஐந்து மணிக்கு டிஸ்கைச் செருகுவார். கணினி அதற்கு அன்று D, E, F என எந்த அடையாள எழுத்தைக் கொடுத்திருக்கிறது என்று பார்ப்பார். அந்த எழுத்தைச் சேர்த்து, கோப்புகளை டிஸ்கில் நகலெடுக்கும் கட்டளையைக் கறுப்புத் திரையில் தட்டுவார். பிறகு எண்ணுவார். "எண்ணிக்கை அண்ணன்" என்றே அவருக்குப் பெயர்.

நான்காம் தேதி மேனேஜரின் மாப்பிள்ளை வந்து கட்டளைகளையெல்லாம் ஓர் ஐகானுக்குள் அடைத்துவிட்டுப் போனார். இரண்டு முறை அழுத்தினால் கறுப்புத் திரை மின்னி மறையும். அவ்வளவுதான்.

"இனி இதுக்கு ஆள் எதுக்குண்ணே? ஒண்ணாந் தேதியிலேருந்து கிடங்குக்குப் போயிடுங்க," என்றார் மேனேஜர்.

கிடங்கு ஊரின் மறுகோடி. படுக்கையில் இருக்கும் மனைவிக்கு மதியம் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போக அங்கிருந்து முடியாது.

மறுநாளே எண்ணிக்கை நகரவில்லை.

"சார், என்னமோ இடிக்குது."

"கிடங்குன்னதும் இடிக்குதா? என் மாப்பிள்ளை செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கிறீங்களே!"

அதற்கடுத்த நாள் கணக்கு தானாகச் சரியானது. அதுதான் அவருக்கு இன்னும் உறுத்தியது. பன்னிரண்டாம் தேதி மறுபடி நின்றது. இரண்டும் புதன்கிழமை. ஆசை கண்ணை மறைக்கிறதோ என்று தன்னையும் சந்தேகப்பட்டு மூன்று முறை எண்ணினார்.

பத்தொன்பதாம் தேதி, கண்ணைப் படமெடுக்கும் பெண் கேமரா கார்டோடு வந்து நின்றாள்.

"அண்ணே, என் கார்டுல எவன் குப்பை கொட்டுறான்? படம் வைக்க இடமில்ல!"

கார்டில் இருந்தவை நோயாளிக் கோப்புகள். புதன்தோறும் அவள் கார்டை அதே கணினியில் டிஸ்குக்கு முன்பே செருகிவிடுவாள். வழக்கமாக டிஸ்குக்குக் கிடைக்கும் எழுத்து அன்று கார்டுக்குப் போய்விடும். ஐகான் எழுத்தை மட்டும் நம்பியது.

மேனேஜர் கார்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "எங்க வீட்டுல சொல்லிடாதீங்கண்ணே."

"நான் ஏன் சார் சொல்றேன்? நீங்க இடமாற்றம் ரத்துன்னு எழுதிக் குடுங்க."

மாப்பிள்ளை ஐகானைத் திருத்தினார். இப்போது அது டிஸ்கின் பெயரைத் தேடும்; எண்ணிக்கையைக் காட்டி, ஒரு விசையைத் தட்டும்வரை திரை மூடாது. அண்ணன் அதைத்தான் அழுத்துகிறார். அழுத்திவிட்டு, தானும் ஒருமுறை எண்ணுகிறார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள்:

இடமாற்றக் கடிதம்: மார்ச் 14.
இடமாற்றத்துக்கு விளக்கம் கேட்டு நான் கொடுத்த கடிதம்: மார்ச் 20.
இடமாற்றம் ரத்து, கையெழுத்தும் முத்திரையும் சரிபார்க்கப்பட்டன: மார்ச் 28.