பரவாயில்லைக்குப் பெட்டி இல்லை

ஆள் வராமலே வரிசையில் நிற்கும். இருமாது, முனகாது, இடத்தையும் விடாது. அது என்ன? மருந்துக்காகக் கால் கடுக்க நின்ற உங்களுக்கு விடை தெரிந்திருக்கும்: கிளினிக் கொப்பி, நோயாளியின் மருந்துக் குறிப்பு நோட்டு.

இலங்கையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, சின்ன அரசாங்க மருந்தகம் ஒன்றில் நம்பர் துண்டு கொடுப்பது என் வேலை. மூன்று தோட்டத்துக்கும் ஒரே டாக்டர். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், திருப்தியா என்று கேட்கும் படிவங்கள் மேலிடத்திலிருந்து வந்தன. குறை தெரிந்தால் இரண்டாவது டாக்டரை அனுப்புவார்களாம். ஒரு வாரம் தவணை. குறைக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

கொப்பியின் நேரம்

முதலில் கொழுந்தெடுக்கும் செல்லம்மா அக்கா. கொப்பியை விடியற்காலையிலேயே தோட்டத்து லயன் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்பி, வாசலில் கல்லின் கீழ் வைக்கச் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு வந்தவருக்கு நான் ஐந்து மணி நேரம் என்று எழுதப்போனேன். பொய் எழுத வேண்டாம் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இப்பதானுங்க வந்தேன். கொப்பிதான் அஞ்சு மணியிலேருந்து நிக்குது."

இல்லாத பெட்டி

ரப்பர் பால் வெட்டும் ராமையா, புண் காலோடு மத்தியானம் வரை நின்றார். திருப்தியா என்றேன். பரவாயில்லைங்க என்றார். படிவத்தில் இருப்பதோ இரண்டே பெட்டி: திருப்தி, திருப்தி இல்லை. மூன்று முறை கேட்டும் அதே பதில். குறை சொன்னால் இருக்கிற டாக்டரையும் மாற்றிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

என்னை அண்ணன் முறை வைத்து அய்யே என்று கூப்பிடும் சிங்கள நர்ஸ், படிவத்தை வாங்கித் திருப்தியில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டார்.

"பரவாயில்லன்னா எங்க பாஷையில கமக் நே தானே, அய்யே? கமக் நேன்னா திருப்திதான்."

வாயும் எழுத்தும்

கடைவீதி முஸ்லிம் பெரியவர், எங்களுக்கு நானா, சர்க்கரை வியாதிக்கு வருபவர். காத்திருந்த நேரமெல்லாம் டாக்டரை, என்னை, உட்காரும் வாங்குப் பலகையைக்கூட விடாமல் ஏசினார். கடைசியில் ஆள் கிடைத்தார் என்று ஓடிப்போய்ப் படிவத்தை நீட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டு, நிதானமாகப் படித்து, திருப்தி என்று போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை நீங்கள் அறிவீர்கள்.

"ஏசினது வாயால. இது எழுத்து. எழுத்துல எப்புடி மனுசன ஏசுற?"

மூன்று முகங்கள்

கடைசி நாள். நிரப்பிய படிவக் கட்டு முழுவதிலும் ஒரு குறைகூட இல்லை. சிறுவர் படிவத்தில் எழுத்துக்குப் பதில் மூன்று முகங்கள்: சிரிப்பது, சும்மா இருப்பது, அழுவது. மூச்சு இழுப்போடு காலையில் வந்த ஏழு வயது மலருக்கு, பிற்பகலில்தான் டாக்டரைப் பார்க்கக் கிடைத்தது. சிரிக்கிறதில் போடு என்று அம்மா காதோரம் சொன்னார். காத்திருந்து அழுத கண்ணோடு பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது.

"மாமா, காலையில இருந்த மூஞ்சிக்கா, இப்ப இருக்குற மூஞ்சிக்கா?"

இப்ப இருக்குறதுக்கு என்றேன்.

ஒரு வாரமாக நான் கெஞ்சியும் பெரியவர்கள் யாரும் தராத அந்த ஒரு புள்ளடியை, மலர் அழுகிற முகத்தில் போட்டாள்.